பொதுப் பணமும் பொதுப் பள்ளியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிற் பல்கலைக்கழக மாணவர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இன்றைய விழாவிற் பேசுவதற்கு மன்றம் எமக்குத் தந்த பொருள் 'கல்வி' என்பது. அது கடல் போன்ற பொருள். துறைமுகத்தூரிற் பிறந்த நாம் கடல் முழுவதையும் அளக்க முயலாது, ஒரு துறையில் மட்டும் இறங்கிப் பார்ப்போம். பொதுமக்களின் பணத்தில் நடைபெறும் பாடசாலையின் வாயிற் சாவி யார் கையில் இருத்தல் வேண்டும்? இதுவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அரசினர் பாடசாலைகளின் தரம் வீழ்ந்துவிட்டது, அவற்றைத் தனியார் சபைகளிடம் ஒப்படைத்துவிட்டுச் செலவை மாத்திரம் அரசு கொடுத்தாற் போதும் என்று கூறுவாரை நாம் அடிக்கடி சந்திக்கின்றோம். நமது சமயப் பெரியோர்களிலும் சிலர், "எங்கள் முன்னோர் கட்டிய பள்ளிகளை எங்களிடமே திருப்பித் தந்தால் அவற்றை முன்போல் நடத்திக் காட்டுவோம்" என்கின்றனர். அவர்களுடைய கவலை உண்மையானது. அதை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர்கள் காட்டும் வழியை எம்மால் ஏற்க இயலவில்லை. ஏன் என்பதை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலிற் கடலுக்கு அப்பால் நடப்பதைப் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'சாட்டர்' பாடசாலை என்று ஒரு வகை உண்டு. நாம் அதனைப் பட்டயப் பாடசாலை என்று அழைக்கலாம். அரசு ஒரு தனியார் சபையுடன் சில ஆண்டுகளுக்கு உடன்படிக்கை செய்து, பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பொதுப் பணத்தைக் கொடுக்கும். ஆசிரியரை நியமிப்பதும் விலக்குவதும், பாடவேளையும் ஒழுங்கு விதிகளும் அச்சபையின் பொறுப்பு. பெறுபேறு குறைந்தால் உடன்படிக்கை முடியும், பள்ளியும் மூடப்படும். இதற்கான முதற் சட்டம் மினசோட்டா மாநிலத்தில் 1991-ஆம் ஆண்டில் நிறைவேறியது. இன்று அந்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பட்டயப் பாடசாலைகள் உள்ளன.

இவ்வெண்ணத்தை 1988-இல் நாடறியப் பேசியவர் ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது பலர் அறியாத செய்தி. அல்பேட் சாங்கர் என்னும் அப்பெரியார், ஆசிரியர்கள் தாமே கூடிப் புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகளாகவே இவற்றைக் கருதினார். சில ஆண்டுகளுள் அந்த எண்ணம் கைமாறிப்போனது. பள்ளி நடத்துதலைத் தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உள்ளே புகுந்தன. அதைக் கண்டு சாங்கர் தாமே அதனை எதிர்த்துப் பேசலானார். ஒரு திட்டத்தை அதைத் தொடங்கியவரின் நல்லெண்ணத்தைக் கொண்டு அளத்தல் போதாது. சாவி பிறகு யார் கைக்குப் போகும் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

அன்பர்களே, பொதுப் பணமும் தனியார் முகாமையும் சேர்ந்த இந்த ஏற்பாடு அமெரிக்கர் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் நமது பாட்டன்மார் அதனை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்தார்கள். அதற்கு 'உதவி நன்கொடை' முறை என்று பெயர். 1869-இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதும் அம்முறை வேரூன்றியது. பள்ளியைக் கட்டியவர் ஒரு மிஷனாகவோ, ஒரு சபையாகவோ, ஒரு தனி மனிதராகவோ இருப்பார். அவரை முகாமையாளர் என்றும், ஊர்வழக்கில் மனேச்சர் என்றும் அழைத்தார்கள். பிள்ளைகள் பரீட்சையிற் காட்டும் பெறுபேற்றைப் பார்த்து அரசு நன்கொடை கொடுத்தது. பின்னர் ஆசிரியர் சம்பளத்தின் பெரும் பகுதியை அரசே கொடுக்கும் நிலை வந்தது. ஆனால் எந்த ஆசிரியரை நியமிப்பது, எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பவை முகாமையாளரின் விருப்பமாகவே இருந்தன. அப்படியானால், இன்று புதுமை என்று விற்கப்படும் சரக்கு நமது வீட்டுப் பரணில் நெடுங்காலம் கிடந்த பழஞ்சரக்கே அல்லவா?

அம்முறையினால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மை ஆகாது. மிஷனரிமாரின் பள்ளிகள் நமது நாட்டில் அறிவுக் கதவைத் திறந்தன. நாமும் மிஷனரிமார் தொடங்கிய ஒரு கல்லூரியிலே கற்றவர்கள். அந்த நன்றி எம்மிடம் என்றும் உண்டு. அவர்களுடைய பள்ளிகளைக் கண்டு, நமது பிள்ளைகள் நமது சமயத்தை இழவாது கல்வி பெற வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதே நோக்கத்துடன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலானோர் 1923-இல் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தை நிறுவினர். நமது ஊரில் 1897-இல் இந்துப் பெருமக்கள் தொடங்கிய பள்ளியே இன்றைய கோணேஸ்வர இந்துக் கல்லூரி. 1923-இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இந்துப் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. 1925-இல் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துப் பள்ளியின் முகாமையை ஏற்றது. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்ற சுவாமி விபுலானந்தர், கீழ் மாகாணத்திலே அந்த மிஷனின் கல்விப் பணிக்கு உயிராக நின்றார். இவர்கள் பள்ளி நடத்தி வயிறு வளர்த்தவர்கள் அல்லர். தங்கள் உடைமையைக் கொடுத்துப் பள்ளி வளர்த்தவர்கள்.

ஆனால் நல்ல முகாமையாளர் கிடைத்த ஊரின் கதையை மட்டும் சொன்னாற் போதுமா? கிடைக்காத ஊரின் கதை என்ன? அக்காலத்தில் மூன்று குறைகள் தீராதிருந்தன. அவற்றைப் பெரியோர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டுகின்றோம்.

முதலாவது குறை, பணத்தினால் வந்தது. தாய்மொழிப் பள்ளிகளிற் கட்டணம் இல்லை. உத்தியோகத்துக்கும் உயர்கல்விக்கும் வழிகாட்டிய ஆங்கிலப் பள்ளிகளிற் கட்டணம் உண்டு. துறைமுகத்திற் சுமை தூக்கியவரின் பிள்ளையும் வலை இழுத்தவரின் பிள்ளையும் தாய்மொழிப் பள்ளியோடு நின்றனர். கட்டணம் கட்ட வல்லவரின் பிள்ளை கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஒரே ஊரில், ஒரே கோயிலின் வடம் பிடித்தவர்களின் பிள்ளைகள் பள்ளி வாயிலிலே இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள்.

இரண்டாவது குறை, ஆசிரியரின் அடிமைநிலை. சம்பளம் பொதுப் பணம். நியமனமோ முகாமையாளரின் தயவு. முகாமையாளரின் சமயம் வேறாக இருந்தால் ஆசிரியர் வேலைக்காகச் சமயம் மாறுவதும், வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் கொள்வதும் நமது பெற்றோரின் பெற்றோர் கண்ட காட்சிகள். பிள்ளைக்கு மனச்சாட்சி வாசகம் என்று ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. அதன்படி அன்னிய சமய பாடத்தினின்று பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையின் சொந்தச் சமயத்தைக் கற்பிக்கும் கடமை அந்தப் பள்ளிக்கு இல்லை.

மூன்றாவது குறையே மிகப் பெரியது. அதனைச் சொல்ல நாக்கூசுகின்றது. ஆயினும் ஓர் இந்து மன்றத்திற் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? கதவை அடைத்தவர்கள் பிறர் மட்டும் அல்லர். நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக இருத்துதல் வேண்டும் என்று 1929-ஆம் ஆண்டளவில் அரசு பணித்தது. 'சம ஆசனம்' என்று பேர்பெற்ற அந்த உத்தரவை மாற்றும்படி யாழ்ப்பாணத்தில் மனு எழுதியோர் யார்? திருநீறு பூசிய நெற்றியர்களே. பொதுப் பணத்தை வாங்கிய கை, பொதுமக்களின் ஒரு பகுதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்திற்று. ஒடுக்கப்பட்ட மக்கள் 1943-இற் சிறுபான்மைத் தமிழர் மகாசபையை அமைத்துப் போராடியபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுட் பள்ளிக்கூட வாசல் முதன்மையாக இருந்தது. தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் அரசினர் பள்ளிகளைக் கேட்டார்கள். சைவ முகாமை இருக்க அரசினர் பள்ளி எதற்கு என்று கேட்பவருக்கு அவர்களுடைய போராட்டமே விடை.

இம்மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே. முகாமையாளர் நல்லவரா தீயவரா என்பது அன்று. பிள்ளையின் கல்வி ஒருவரின் தயவாக இருந்தது என்பதே. தயவு இருக்கும் இடத்தில் நன்றி உண்டு, உரிமை இல்லை. உரிமை இல்லாத இடத்தில், மறுக்கப்பட்ட பிள்ளை முறையிடுவதற்கு ஒரு படி இல்லை.

இந்நிலையை மாற்றும் பணி அரசாங்க சபையின் காலத்தில் தொடங்கிற்று. கல்வி மந்திரியாக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட குழு 1943-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டும், தாய்மொழி போதனாமொழியாதல் வேண்டும் என்பன அதன் உயிர்நாடி. 'நாட்டுக்குக் கட்டாது' என்றார்கள் பலர். 'வேலைக்காரர் கிடைக்கமாட்டார்கள்' என்று அஞ்சினார்கள் சிலர். எதிர்ப்பைக் கடந்து 1945 ஒக்டோபர் 1-ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரசியற் சுதந்திரம் 1948-இல் வந்தது. ஏழைப் பிள்ளையின் சுதந்திரம் அதற்கு முன்னமே வந்துவிட்டது.

கட்டணம் போயிற்று, முகாமை போகவில்லை. உதவி நன்கொடைப் பள்ளிகளை அரசு கையேற்கும் சட்டம் 1960-இல் 5-ஆம் இலக்கமாக நிறைவேறியது. 1961-இன் 8-ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்கிற்று. வகுப்பில் உயர்ந்த சில பள்ளிகள் அரசின் உதவி இன்றித் தனித்து நிற்கத் தெரிவுசெய்தன. ஏனையவை பொதுப் பள்ளிகள் ஆயின. கத்தோலிக்க மக்கள் பல ஊர்களிற் பள்ளிக்குள் இருந்து மறியல் செய்தார்கள். தமிழர்களுள்ளும் மனத்தாங்கல் இருந்தது. மொழியுரிமை பறிபோன அக்காலத்திற் கொழும்பு அரசின் கையிலே பள்ளியைக் கொடுப்பதா என்று அஞ்சியவர்களை நாம் குறை கூற மாட்டோம். அவ்வச்சத்துக்குக் காரணம் இருந்தது. பின் வந்த ஆண்டுகளில் நமது மக்கள் பட்ட துன்பமும் பொய்யன்று.

ஆயினும் இன்று திரும்பிப் பார்த்தால் என்ன காண்கின்றோம்? நமது இந்துக் கல்லூரியின் பெயருக்கு முன்னால் இராமகிருஷ்ண சங்கத்தின் பெயர் இன்றும் நிற்கின்றது. மெதடிஸ்த என்ற பெயரும் அழிந்துபோகவில்லை. மிஷன் பெயர் தாங்கிய பள்ளியிற் படிக்கும் இந்துப் பிள்ளைக்குச் சமய பாடம் இந்து சமயமே. பாடநூலை அச்சிட்டு இலவசமாகக் கையில் கொடுப்பது அரசு. பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. நாவலர் தம் காலத்திற் கேட்ட பாதுகாப்பு, பிள்ளை தன் சமயத்தை இழவாது கற்றல் என்பது, பொதுப் பள்ளியிலே சட்டத்தின் வழியாக எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இதனை நமது சமயத்துக்கு இழப்பு என்பதா, பேறு என்பதா?

இனி, இக்காலத்துச் சான்று ஒன்று. 2004 டிசெம்பர் 26-ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கரையை மோதியது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று ஊர் ஊராக இழவு விழுந்தது. கரையோரப் பள்ளிகள் சிதைந்தன. சிதையாத பள்ளிகள் அகதி முகாம்கள் ஆயின. எட்டு மாதங்கள் கழித்து, 2005 ஓகஸ்ட் 29-ஆந் திகதி, அமெரிக்காவின் தென்கரையில் உள்ள துறைமுக நகராகிய நியூ ஓர்லீன்சைக் கத்ரீனா என்னும் புயல் மூழ்கடித்தது. அந்த நகரம் நமக்கு முற்றிலும் அன்னியமன்று. அதனைத் தலைமையிடமாகக் கொண்ட யேசு சபை மாகாணத்தின் துறவிகள் 1940-களின் பிற்பகுதி தொடக்கம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கல்விப்பணி செய்ததை முதியோர் அறிவர்.

இரண்டு துறைமுகங்களையும் தண்ணீர் அழித்தது. அதன் பின் நடந்தவை வெவ்வேறு. நியூ ஓர்லீன்சில் அரசு பெரும்பாலான பள்ளிகளை நகரக் கல்விச் சபையிடமிருந்து எடுத்து, படிப்படியாகப் பட்டயப் பாடசாலைகள் ஆக்கிற்று. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியரும் ஊழியரும் வேலை இழந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்நகரத்தின் நடுத்தர வாழ்வைத் தாங்கி நின்றவர்கள். வீடிழந்து, வேலையும் இழந்தார்கள். பிள்ளைக்குத் தன் தெருவில் உள்ள பள்ளியில் இடம் என்ற உறுதி போயிற்று. உடல், உளக் குறைபாடுடைய பிள்ளைகளைப் பள்ளிகள் ஏற்க மறுக்கின்றன என்று 2010-இற் பெற்றோர் வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

அங்கே பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்நகரத்து டியூலேன் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனைக் காட்டியுள்ளனர். புயலுக்கு முன் அந்நகரத்துப் பொதுப் பள்ளிகள் மிகவும் சீர்கெட்டிருந்தன என்பதும் மெய். ஆனால் அதே ஆய்வாளரே, பிள்ளை ஒன்றுக்கான செலவு கூடியதையும், நிருவாகச் செலவு பெருகிக் கற்பித்தற் செலவு குறைந்ததையும் எடுத்துக்காட்டினர். பணத்தையும் கவனத்தையும் கூட்டினாற் பெறுபேறு கூடும் என்றால், அவற்றைப் பொதுப் பள்ளிக்கே கொடுத்துப் பார்க்கலாகாதா? 2019-இல் அந்நகரத்துப் பொதுக் கல்வி ஏறக்குறைய முழுவதும் பட்டயப் பாடசாலைகளின் கையில் இருந்தது. 2024 ஓகஸ்டில் அந்நகரக் கல்விச் சபை மீண்டும் தானே நடத்தும் பள்ளி ஒன்றைத் திறந்தது. சாவியைக் கொடுத்தல் எளிது. திரும்பப் பெறுதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை சென்றது. பெற்றதும் ஒரு பள்ளியின் சாவியே.

நமது கரையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பல பள்ளிக் கட்டடங்களைக் கட்டித் தந்தன. கட்டித் தந்தவர் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளி மூடிக் கிடந்த நாட்களுக்காக ஆசிரியர் கூட்டமாக விலக்கப்படவில்லை. அவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். நம் அரசு எல்லாவற்றையும் செவ்வனே செய்தது என்று நாம் கூறவில்லை. தாமதமும் பாரபட்சமும் நாம் கண்ணாரக் கண்டவை. ஆனால் எந்தப் பிள்ளையும் தனக்குரிய பள்ளியை இழந்ததற்காகப் புதிய சபை ஒன்றிடம் விண்ணப்பித்து நிற்கவில்லை.

போரிலும் அப்படியே. சம்பூர் மக்கள் 2006-இல் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் இருந்துவிட்டே ஊர் மீண்டார்கள். அந்தப் பத்து ஆண்டில் ஒரு பிள்ளை பாலர் வகுப்பிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரை வளர்ந்துவிடும். பெறுபேற்றுக்குப் பணம் பெறும் எந்தச் சபை அந்தப் பிள்ளைகளை விரும்பி அழைத்திருக்கும்? குறைந்த புள்ளி, கிழிந்த சீருடை, நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத குடும்பம். கணக்குப் பார்ப்பவருக்கு அப்பிள்ளை நட்டம். பொதுப் பள்ளிக்கோ அப்பிள்ளை கடமை. அங்கே கூரை ஒழுகிற்று, மேசை இல்லை, ஒரு வகுப்பில் இரண்டு வகுப்பு நடந்தது. இருந்தும் இடாப்பில் அப்பிள்ளையின் பெயர் இருந்தது.

பெரியோர்களின் மறுப்புரை எமக்குத் தெரியும். "இதெல்லாம் சரி, பிள்ளைகளே. முகாமை இருந்த காலத்தில் ஆசிரியர் நேரத்துக்கு வந்தார்கள். இப்போது பள்ளி பெயரளவில், படிப்போ தனியார் வகுப்பில்" என்பீர்கள். அது பொய்யன்று. நகரத்துப் பள்ளிகளில் ஆசிரியர் மிகையாகவும், மூதூர் போன்ற வலயங்களிற் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இன்றியும் இருக்கும் நிலையை நாம் அறிவோம். முதலாம் வகுப்பு அனுமதிக்கு நன்கொடை என்ற பெயரிற் பணம் கேட்கப்படும் கதைகளும் எங்கள் காதுக்கு எட்டாதவை அல்ல. எமது கருத்து இதுதான்: பொதுப் பள்ளியின் வாயிலிற் பணம் கேட்கப்படும் அன்றைக்கே அது பொதுப் பள்ளி என்னும் தன்மையை இழக்கின்றது. மனேச்சர் காலம் வேறு பெயரில் மீண்டு வருகின்றது. நோய் இதுவாக இருக்க, பள்ளி முழுவதையுமே மனேச்சர் கையிற் கொடுப்பது மருந்தாகுமா?

நோயின் மூலத்தை நாம் வேறிடத்திற் காண்கின்றோம். நமது அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை, எல்லா மட்டத்துக் கல்வியிலும் சகலருக்கும் சமமான வாய்ப்பை உறுதிசெய்தலை அரசின் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. ஆனால் அரசு கல்விக்கு ஒதுக்கும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நெடுங்காலம் 2 சதவீதத்தை அண்டியே நின்றது. 2012-இற் பல்கலைக்கழக ஆசிரியர் 6 சதவீதம் கேட்டு நூறு நாள் அளவு வேலைநிறுத்தம் செய்தனர். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் தாள் இன்மையால் மேல் மாகாணத்திற் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பயிருக்குத் தண்ணீர் விடாமல் வாட வைத்துவிட்டு, வாடிவிட்டது, வயலை விற்றுவிடுவோம் என்பது எந்த ஊர் நீதி?

விற்கும் முயற்சிகளும் வராமல் இல்லை. 1981-இற் கல்வி வெள்ளை அறிக்கை வந்தது, ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. அக்காலத்தில் ராகமையில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர் எதிர்ப்பின் பின் 1989-இல் அரசுடைமையாயிற்று. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியும் நெடும் போராட்டத்தின் பின் 2018-இல் முடிவுக்கு வந்தது. 1961-இன் சட்டம் புதிய தனியார் பள்ளிகளுக்குத் தடை விதித்திருக்க, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற சர்வதேசப் பாடசாலைகள் ஊர் ஊராக முளைத்துள்ளன. கல்வியைக் கம்பனி என்று பதியலாம் என்றால், பிள்ளையை என்னவென்று பதிவார்கள்?

அன்பர்களே, குறைகூறி அமர்ந்துவிடுதல் இளைஞருக்கு அழகன்று. பள்ளியின் உடைமை பொதுவாய் இருக்கட்டும். உழைப்பு நமதாய் இருக்கட்டும் என்பதே நாம் கூறும் வழி. விபுலானந்தரிடம் நாம் கற்க வேண்டியது பள்ளிக்குச் சொந்தக்காரர் ஆவதை அன்று. பள்ளிக்குத் தொண்டர் ஆவதை. அதற்கு நான்கு செயல்களை மன்றத்தின் முன் பணிவுடன் வைக்கின்றோம்.

ஒன்று: விடுமுறையில் ஊருக்கு வரும் பல்கலைக்கழக மாணவர் அனைவரும் இலவச மாலை வகுப்பு நடத்துதல் வேண்டும். கோயில் மண்டபத்திலோ மன்றத்திலோ அல்ல, பள்ளியிலேயே, அதிபரின் அனுமதி பெற்று நடத்துதல் வேண்டும். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்ற வேறுபாடு அதில் இருத்தல் ஆகாது.

இரண்டு: நமது மாவட்டத்தில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று பெற்றோரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி, மாதந்தோறும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்புதல் வேண்டும். தனியார் சபையிடம் நாம் கெஞ்சலாம். பொது அலுவலகத்திடம் நாம் கேட்கலாம். கேட்கும் உரிமையைப் பயன்படுத்தாதவன் அது இல்லை என்று புலம்புதல் தகாது.

மூன்று: பள்ளி அனுமதிக்குப் பணம் கொடுப்பதில்லை, வாங்கித் தருவதில்லை என்று மன்றத்து உறுப்பினர் ஒவ்வொருவரும், குறிப்பாகப் பழைய மாணவர் சங்கங்களில் இருக்கும் பெரியோர், உறுதி கொள்ளுதல் வேண்டும். பழைய மாணவர் தம் கல்லூரிக்கு அள்ளிக் கொடுக்கட்டும். அதற்குக் கைமாறாகத் தம் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்காதிருக்கட்டும்.

நான்கு: பிள்ளை குறைந்துவிட்டது என்று ஒரு சிற்றூர்ப் பள்ளி மூடப்படவிருப்பதாகக் கேள்விப்பட்டால், அந்த ஊருக்கு நாம் போக வேண்டும். பேருந்துக்குப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து மைலுக்கு அப்பால் உள்ள நல்ல பள்ளி இல்லாத பள்ளிக்கு ஒப்பானது.

கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் வசதி படைத்தவரும் நடக்கின்றார், வெறுங்காலரும் நடக்கின்றார். வாயிலில் நின்று, நீ யார் வீட்டுப் பிள்ளை, உன் புள்ளி எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாற் பொறுக்கவும் மாட்டோம். ஆனால் நமது கோயில்களும் எல்லாருக்கும் எளிதில் திறந்துவிடவில்லை. திறக்கும்படி போராடியே திறந்தன. பள்ளியும் அப்படியே. 1945-இல் திறந்த அந்த வாயிலை அடைக்க ஒருவர் பொன்னாற் கதவு செய்து கொண்டுவந்தாலும், கதவு அழகியது என்று பார்த்து மயங்காது, வெளியில் நிற்கப் போகும் பிள்ளை எது என்று கேட்போமாக.